கடுகு தாளிக்காத ஆறு வாரங்கள்

அண்மையில் என்னைப் பார்க்க வந்த ஒரு பெண்மணி, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ‘சாப்பிடக் கூடாதவை’ என்று தலைப்பிட்டு இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தார். ‘சாப்பிடலாம்’ என்ற தலைப்பின் கீழ் நான்கே பெயர்கள்: கேரட், சுரைக்காய், தேங்காய், வாழைப்பழம். மூன்று வாரமாக இவற்றையே வேகவைத்து உப்புப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “வலி கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் இருக்கு மேடம். ஆனா எழுந்து நிக்கவே தெம்பு இல்ல” என்றார்.

அவர் விலக்கியவற்றில் பெரிய தவறில்லை. ஆனால், விலக்கிய இடத்தில் எதை வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டோ இம்யூன் நோய்கள் (கிருமிகளைத் தாக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், உடலின் சொந்தத் திசுக்களையே தாக்கும் நோய்கள்) பல வகை. தைராய்டு சுரப்பியைத் தாக்கினால் ஹாஷிமோட்டோ நோய். சிறு மூட்டுகளைத் தாக்கினால் ருமட்டாய்டு மூட்டுவாதம். தோலில் வந்தால் சோரியாசிஸ், பல உறுப்புகளில் ஒருசேர வந்தால் லூபஸ். குடலைப் புண்ணாக்கும் கிரோன் நோயும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸும் (பெருங்குடல் உட்சுவர் அழற்சி) இந்தக் குடும்பத்தோடு சேர்த்தே பேசப்படுகின்றன. மரபணு, தொற்று, ஹார்மோன், புகைப்பழக்கம், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் எனப் பல காரணங்கள் பின்னி இவை வருகின்றன. நீங்கள் ஏதோ தப்பாகச் சாப்பிட்டதால் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அந்தப் பழியை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

இந்நோய்களுக்கென்று அமெரிக்காவில், பேலியோ உணவுமுறையிலிருந்து கிளைத்து வந்த ஒன்றுதான் ‘ஏ.ஐ.பி.’ (எதிர்ப்பாற்றலைத் தூண்டக்கூடும் என்று கருதப்படும் உணவுகளைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறை). அரிசி, கோதுமை, சிறுதானியங்கள், பருப்பு வகைகள், பால், முட்டை, கொட்டைகள், விதைகள், கத்தரிக் குடும்பக் காய்கள், சர்க்கரை, காபி, மது ஆகியவை நிறுத்தப்படும். காய், கீரை, கிழங்கு, பழம், மீன், இறைச்சி ஆகியவை மிஞ்சும். நிறுத்தும் காலம் குறைந்தது ஒரு மாதம்; பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரம் போதும்.

இதற்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு, ஆனால் சிறிது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், குடல் அழற்சி தீவிரமாக இருந்த 15 பேர் இந்த முறையைப் பின்பற்றினார்கள். ஆறாவது வாரத்தில் 11 பேருக்கு நோய்க்குறிகள் அடங்கியிருந்தன. 2019இல் ஹாஷிமோட்டோ நோயுள்ள 17 பெண்கள் பத்து வாரத் திட்டத்தில் சேர்ந்தார்கள். அவர்களுடைய சோர்வும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. தைராய்டு அளவிலும் எதிர்ப்பொருள் அளவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. ஆகவே இதை ஒரு சோதனை முயற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் இடத்தில் வைக்காதீர்கள். முக்கியமாக, ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மெத்தோட்ரெக்ஸேட், தைராக்சின், ஊசி மருந்துகள் எதுவானாலும் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை சில. குடல் உபாதை இருந்து, சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சிதையும் நோய்) இருக்கிறதா என்று இதுவரை பார்க்கவில்லை என்றால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறுத்தியபின் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், சோற்றைக் குறைத்த அன்றே தாழ்சர்க்கரையில் விழக்கூடும். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகே தொடங்க வேண்டும். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது. லூபஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வாழைக்காய், கீரை, கிழங்கு, இளநீரிலுள்ள பொட்டாசியம் சிக்கலாகலாம். கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே எடை குறைந்து மெலிந்தவர்கள் ஆகியோருக்கு இந்த முறை வேண்டாம்.

சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். பருப்பு, பால், முட்டை, கொட்டை எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்தினால் உங்களுக்குப் புரதம் வர வழியே இல்லை. முழுக் கட்டுப்பாடு உங்களுக்கானதல்ல. பாசிப்பருப்பையும் அரிசியையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அதிலும் ஒரு பலன் தெரியலாம், தசை கரையாது. அசைவம் உண்பவர்கள் மத்தி, அயிலை, நெத்திலி ஆகியவற்றை வாரம் மூன்று நான்கு முறை சேர்த்துக்கொள்ளலாம். முள்ளோடு உண்ணும் நெத்திலியில், பால் நின்றதால் குறையும் கால்சியம் ஓரளவு ஈடாகும்.

இனி அடுக்களைக்கு வருவோம். பட்டியலைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மிளகாய், தக்காளி, பருப்பு, கடுகு எதுவும் இல்லாமல் நம் சமையல் ஏது? பயப்பட வேண்டாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் போர்ச்சுக்கீசியர் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பிறகே இவை இந்தியாவுக்கு வந்தன. மிளகைப் போலக் காரமுள்ள காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டோம். இன்றும் பல வீடுகளில் திவசத்தன்று மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அடுப்பங்கரைக்குள் வருவதில்லை. வாழைக்காய், சேனை, சேப்பங்கிழங்கு, பாகற்காய், இஞ்சி, தேங்காய், கறிவேப்பிலை இவற்றாலேயே இலை நிறைகிறது. அந்தச் சமையலில் பழகிய பெரியம்மாவோ அத்தையோ உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். அதில் சேரும் மிளகு, சீரகம், உளுந்து, பயறு ஆகியவற்றை மட்டும் இந்த ஆறு வாரத்துக்கு நீக்கிவிடுங்கள்.

எதற்கு மாற்று தேடும்போதும், அந்தப் பொருள் கறியில் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். மிளகாயின் வேலை காரம். அதை இஞ்சி செய்யும். வதக்கிய இஞ்சி மென்மையாகவும், கடைசியில் துருவிப் போட்ட பச்சை இஞ்சி சுள்ளென்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் மிளகாய் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. தாளித்த உளுந்தின் வேலை மொறுமொறுப்பு. தேங்காயை மெல்லிய கீற்றாகச் சீவித் தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்துத் தூவினால் அது கிடைக்கும். கடுகின் வேலை மணம். எண்ணெய் நன்றாகச் சூடானதும் ஒரு கொத்துக்கு இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம். தக்காளியின் வேலை புளிப்பும் நிறமும். பருப்பின் வேலை கெட்டித்தன்மை. இவை இரண்டையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

குழம்புக்கு: இரண்டு கேரட், ஒரு கீற்று மஞ்சள் பூசணி, கட்டைவிரல் அளவு பீட்ரூட் துண்டு ஆகியவற்றை வேகவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட் கூடினால் இனிப்பும் மண் வாசனையும் தூக்கலாகிவிடும். நிறத்துக்கு அந்தத் துண்டு போதும். தேங்காய் எண்ணெயில் பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு அங்குல இஞ்சி, கறிவேப்பிலை, சிறு பட்டைத் துண்டு, ஒரு கிராம்பு ஆகியவற்றை வதக்கி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு, அரைத்த விழுதைச் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கிளறுங்கள். நெல்லிக்காய் அளவுப் புளியைக் கரைத்து ஊற்றி, சேனையோ முள்ளங்கியோ வெண்டைக்காயோ போட்டு எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட வேண்டும். வெண்டைக்காய் என்றால் முதலிலேயே தனியாக வதக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் கழித்து இந்தக் குழம்பு இன்னும் நன்றாக இருக்கும்.

கூட்டுக்கு: சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளைப்பூசணி எதுவானாலும் கால் கிலோ. பருப்புக்குப் பதிலாக அரை வாழைக்காயைத் தனியே குழைய வேகவைத்து மசியுங்கள். காய் முக்கால் பதம் வெந்ததும் இந்த மசியலையும், கைப்பிடித் தேங்காயோடு இஞ்சி, கறிவேப்பிலை வைத்து அரைத்த விழுதையும் சேர்த்து ஒரு கொதி. வாழைக்காய் மசியல் ஆறியதும் இறுகும். ஆகவே சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள். அவியலில் தயிருக்குப் பதில் மாங்காய்த் துண்டு போடுவது கேரளத்தில் சில பகுதிகளில் இயல்பாகவே இருக்கும் வழக்கம். பச்சைமிளகாயையும் சீரகத்தையும் விட்டு, இஞ்சியைக் கூட்டி அரைத்துக்கொள்ளலாம். பொரியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோஸ், கேரட், பீட்ரூட், வாழைப்பூ எதுவும் இஞ்சியும் தேங்காயும் போட்டு வதக்கி, அடுப்பை அணைத்தபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் எடுபடும். கொத்தமல்லித்தழை, புதினா, தேங்காய், இஞ்சி, துளி புளி வைத்து அரைத்த துவையல் எப்போதும் ஒரு கிண்ணம் இருக்கட்டும். சப்பென்ற எந்தக் காயையும் அது காப்பாற்றும்.

சோற்றின் இடத்தில் சர்க்கரைவள்ளி, சேனை, வாழைக்காய், மரவள்ளி. இவை வயிறு நிரம்பும் அளவுக்கு இருக்க வேண்டும். அந்தப் பெண்மணியின் தட்டில் இல்லாமல் போனது இதுதான். மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. தோலை முழுவதும் சீவி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தைராய்டு நோயுள்ளவர்கள் அதைத் தினமும் உண்ண வேண்டாம். சேனையும் சேப்பங்கிழங்கும் நாக்கை அரிப்பது கால்சியம் ஆக்சலேட்டின் ஊசிப்படிகங்களால். நன்றாக வேகவைத்து, புளியும் சேர்த்தால் அந்த அரிப்பு அடங்கும். ஜவ்வரிசி அனுமதிக்கப்பட்டதே. ஆனால் அது மரவள்ளியின் மாவுச்சத்து மட்டும். பசி அடங்கும், சத்து சேராது.

நம் ஊர்க்காரர்கள் அறியாமல் தவறும் இடங்கள் சில உண்டு. கத்தரிக் குடும்பம் என்றதும் கத்தரிக்காய், தக்காளி, உருளை, குடைமிளகாய், மிளகாய் இவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மணத்தக்காளிக் கீரையும் வற்றலும் அதே குடும்பம். சுண்டைக்காயும் தூதுவளையும்கூட. வயிற்றுப் புண்ணுக்கு நல்லது என்று தினமும் மணத்தக்காளி சாப்பிட்டுக்கொண்டு, தக்காளியை மட்டும் விலக்கினால் சோதனை பொருளற்றதாகிவிடும். மாறாக, மிளகுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் தொடர்பில்லை. அது முதலில் திரும்பி வரும் பொருள்களில் ஒன்று. சர்க்கரைவள்ளியும் உருளையின் குடும்பமல்ல. கொத்தமல்லியில் தழை உண்டு, விதை இல்லை. கடையில் வாங்கும் பெருங்காயம் பெரும்பாலும் மைதாவோ அரிசி மாவோ பிசினோ கலந்ததுதான்; பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி இரண்டுமே விதை, பருப்பு, மிளகாய் சேர்ந்தவை. நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் நிறுத்தப்படும் பட்டியலில் வருவதால் பலர் எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள். ருமட்டாய்டு மூட்டுவாதமும் லூபஸும் உள்ளவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். ஆகவே கொழுப்பு அளவு உயர்ந்திருப்பவர்கள் ஆலிவ் எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்வது நல்லது.

கிரோன் நோயால் குடல் ஓரிடத்தில் குறுகியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய்ச் சக்கை, பச்சைக் காய்கள் ஆகியவற்றைத் தொடாதீர்கள். நார் அடைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சைவரை போகலாம். தோலும் விதையும் நீக்கிய சுரைக்காய், பூசணி, கேரட் ஆகியவற்றைக் குழைய வேகவைத்து மசித்துச் சாப்பிடுங்கள். வாழைத்தண்டு எல்லோருக்கும் நல்லது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், உங்களுக்கு அல்ல.

குறுக்குவழிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று கொரோனா காலத்தில் பலர் சீந்தில் கொடிக் கஷாயம் குடித்தார்கள். அதில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே தைராய்டு போன்ற ஆட்டோ இம்யூன் நோய் இருந்தவர்களும் அதில் உண்டு. உங்கள் எதிர்ப்பாற்றல் குறைந்து போகவில்லை, திசை தவறியிருக்கிறது. அதைக் கூட்டுவது உங்கள் தேவை அல்ல. அமுக்கிராப் பொடியும் (அஸ்வகந்தா) கத்தரிக் குடும்பம்தான். தைராய்டு அளவை அது மாற்றக்கூடும். குழம்பில் போடும் மஞ்சள் போதும். மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அந்தப் பொடியைச் சந்தேகப்படுங்கள். தைராய்டுக்காரர்கள் கோஸையும் காலிஃபிளவரையும் ஒதுக்க வேண்டாம். வேகவைத்து இயல்பான அளவில் உண்பதால் கெடுதல் இல்லை. உப்பை மாற்றி இந்துப்புக்குப் போகவும் வேண்டாம்.

ஒரு சிறு நோட்டில் தினமும் ஐந்து விஷயங்களைக் குறித்துவாருங்கள்: காலையில் மூட்டு விறைப்பு எத்தனை நிமிடம், மலம், தோல், தூக்கம், பத்துக்கு எவ்வளவு சோர்வு. முதல் வாரத்தில் தலைவலியும் எரிச்சலும் வரலாம். பெரும்பாலும் அது காபியை விட்டதால் வருவது. நான்கைந்து நாளில் தணியும். வெங்காயம், பூண்டு, கோஸ் கூடியதால் வயிறு உப்பினால் அவற்றை மட்டும் குறையுங்கள். ஒரு மாதத்துக்குள் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலோ, மாதவிடாய் தவறினாலோ, தலைசுற்றல் தொடர்ந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், நுரைத்த சிறுநீரோடு கால் வீக்கம், நெஞ்சுவலி இவற்றில் எதுவும் உணவை மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் விஷயமல்ல. அன்றே மருத்துவமனை.

ஆறு வாரம் முடிந்ததும் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்பதற்காக அதே உணவில் தங்கிவிடாதீர்கள். இந்தக் கட்டத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். எது ஆகாது என்று தெரியாமலே எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் விலக்கி, ரத்தசோகையோடும் எலும்புத் தேய்வோடும் வருகிறார்கள். நிறுத்தியது சோதனையின் முதல் பாதிதான். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும்போதுதான் உங்கள் உடல் பதில் சொல்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு பொருள். காலையில் அரை ஸ்பூன் அளவு. கால் மணி நேரம் பொறுத்து ஒரு ஸ்பூன். ஒன்றும் இல்லையென்றால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வழக்கமான அளவு. மசாலாப் பொருள் என்றால் ஒரு சிட்டிகையில் தொடங்கலாம். அதன்பின் ஐந்தாறு நாள் அந்தப் பொருளைத் தொடாமல் நோட்டை மட்டும் எழுதுங்கள். மூட்டும் தோலும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சில நேரம் பேசும். சாப்பிட்டதும் உதடு வீங்குவது, மூச்சுத் திணறுவது போன்ற ஒவ்வாமை முன்பு எதற்காவது இருந்திருந்தால், அதை வீட்டில் சோதிக்கவே கூடாது. காய்ச்சல், விரதம், பயணம், மருந்து மாற்றம் இருக்கும் வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

வரிசையை நம் அடுக்களைக்கு ஏற்ப இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் மிளகு, சீரகம், கடுகு, கொத்தமல்லி விதை. ரசத்தின் பாதி அப்போதே திரும்பிவிடும். அடுத்து நெய், முட்டையின் மஞ்சள்கரு, பீன்ஸ், அவரை. பிறகு எள், தேங்காயல்லாத மற்ற கொட்டைகள், முட்டையின் வெள்ளை. அதன்பின் தயிர், பருப்பு, அரிசி. பருப்பில் முதலில் பாசிப்பருப்பு. கத்தரிக் குடும்பம் கடைசி. அதிலும் தோல் சீவிய உருளைக்கிழங்கு முதலில், கத்தரிக்காய் அடுத்து, பிறகு தக்காளி, எல்லாவற்றுக்கும் பின் மிளகாய். மிளகாயைச் சோதிக்கும் நாளில், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட சுரைக்காய்க் கூட்டில் விதை தட்டிய ஒரு வரமிளகாயின் கால் பாகத்தை மட்டும் கிள்ளிப் போடுங்கள். அன்றைய தேதியை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டு, அடுத்த ஆறு நாளும் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கிப் பார்த்து எத்தனை நிமிடம் விறைப்பு என்று குறித்துவாருங்கள்.